இங்கே என்றால் எங்கே?

"இங்கே. இங்கே. இங்கே. இங்கே..."

கணினி விடாமல் சொல்லிக்கொண்டே போனது. திரையை அணைத்துவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, காதை மட்டும் தீட்டிக்கொண்டிருந்தார் கையேட்டார்.

"எங்கேம்மா?" என்று கேட்டார் பொறுக்க முடியாமல்.

"இங்கே," என்றது கணினி.

கையேட்டார் என்பது அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர். ஒலிப்பதிவுகளை வெட்டி ஒட்டும் மென்பொருள் ஒன்றை அந்த நிறுவனம் விற்றது. பாட்டுப் பாடுகிறவர்கள், பேட்டி எடுக்கிறவர்கள், பாடம் நடத்துகிறவர்கள் எல்லாம் வாங்கினார்கள். வாங்கியவர்கள் எங்காவது சிக்கிக்கொண்டால் படிப்பதற்கு உதவிப் பக்கங்கள் உண்டு. அவற்றை ஒரு வரி விடாமல் எழுதியவர் இவர்தான். எல்லாம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறது என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை என்பதை அவர் கவனித்ததில்லை.

அந்த நம்பிக்கைக்குத்தான் அன்று காலையில் வேட்டு வைத்தார் மேலாளர்.

"புகார் வந்திருக்குங்க. இதைப் படிங்க."

வாடிக்கையாளர்கள் பக்கம் பக்கமாக எழுதும் புகார்களைப் படிக்க அங்கே யாருக்கும் பொறுமை கிடையாது. அதற்கென்று ஒரு நிரல் வைத்திருந்தார்கள். அது எல்லாவற்றையும் படித்து, பிழிந்து, ஒரு வரிச் சாறாக மேலாளருக்கு அனுப்பிவிடும். அன்றைய சாறு இது: 'பயனர் பார்வையற்றவர். உதவிப் பக்கங்களைப் பின்பற்ற முடியவில்லை. கடும் அதிருப்தி.'

கையேட்டார் இரண்டு முறை படித்தார்.

"பார்வையில்லாதவங்களும் நம்ம மென்பொருளை வாங்குறாங்களா சார்?"

"ஏன் வாங்க மாட்டாங்க? காதால கேட்டு வேலை செய்ற மென்பொருளைக் காது உள்ளவங்கதானே வாங்குவாங்க? இத்தனை வருஷமா இது நம்ம ரெண்டு பேர் மண்டையிலயும் உதிக்கல பாருங்க!" மேலாளர் குரலைத் தணித்தார். "விஷயம் தலைமை அலுவலகம் வரைக்கும் போயிடுச்சு. மாசக் கடைசிக்குள்ள சரியாகலைன்னா உதவிப் பக்கங்களை மொத்தமா வெளி ஆளுங்ககிட்ட கொடுத்துடலாம்னு பேச்சு. அப்படி ஆயிடுச்சுன்னா நீங்க..."

மேலாளர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டது இன்னும் பயமாக இருந்தது.

பார்வையில்லாதவர்கள் கணினியை எப்படிப் படிக்கிறார்கள் என்று விசாரித்ததில், திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் ஸ்க்ரீன் ரீடர் என்ற ஒன்று இருப்பது தெரிந்தது. அதை இறக்கிக்கொண்டு, திரையை அணைத்துவிட்டு, 'பதிவிலிருந்து இருமலை நீக்குவது எப்படி?' என்ற தன்னுடைய சொந்தப் பக்கத்தைத்தான் அவர் இப்போது கேட்டுக்கொண்டிருந்தார்.

'மேலும் அறிய இங்கே சொடுக்கவும்' என்று ஆசை ஆசையாக எழுதியிருந்தாரே, அந்த 'இங்கே'க்கள்தான் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவை ஓய்ந்ததும் குரல் அடுத்த கட்டத்துக்குப் போனது.

"படம். புதுசு இறுதி இதுதான் இறுதி இரண்டு. மேலே காட்டியபடி செய்யவும். சிவப்பாக இருப்பதை அழுத்தவும். படம். இறுதிக்குப் பின் இறுதி. அவ்வளவுதான், உங்கள் இருமல் நீங்கிவிட்டது!"

கையேட்டாருக்கு வியர்த்தது. ஒலிப்பதிவில் தன் குரலை முதல்முறையாகக் கேட்கிறவனுக்கு வரும் கூச்சம் அது. இவ்வளவு நாள் இதையா எழுதினோம்? இருமல் எங்கே நீங்கியது? எதை அழுத்தினால் நீங்கியது?

'படங்களுக்கு விளக்கம் இல்லாததால் கோப்பின் பெயரை வாசிக்கிறது, அதுதான் கோளாறு' என்று முடிவுக்கு வந்தார். அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் எழுதினார். கல்லூரிக் காலத்தில் கவிதை எழுதிய கை. சும்மா இருக்குமா?

திங்கட்கிழமை மேலாளரை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினார்.

"படம்," என்று தொடங்கியது குரல். "வெளிர்நீலப் பின்னணியில் அமைதியாக விரிந்திருக்கும் சன்னல். அதன் நெற்றியில் மெல்லிய சாம்பல் கோடு. நடுவே, மலைத்தொடர் போல ஏறி இறங்கும் ஒலி அலைகள். இடது ஓரத்தில், தனிமையில், ஒரு சிவப்புப் பொத்தான்..."

மேலாளர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். பிறகு மேசையில் கை வைத்துக் கேட்டார். பிறகு கையின் மேல் தலையை வைத்தார். குரல் இன்னும் அந்த மலைத்தொடரைத் தாண்டவில்லை. மேலாளரிடமிருந்து மெல்லிய குறட்டை கிளம்பியது.

"சார்!"

"ம்? இருமல் போயிடுச்சா?"

"இல்ல சார். முதல் படம்தான் ஓடுது."

"யோவ், தனிமையில ஒரு பொத்தானா? அது தனியா இருந்தா என்ன, குடும்பத்தோட இருந்தா என்ன? அதை அழுத்தணுமா வேண்டாமான்னு சொல்லுங்க!"

கையேட்டாருக்கு மனம் ஒடிந்துவிட்டது. படம் இருந்தால்தானே விளக்கம், விளக்கம் இருந்தால்தானே குறட்டை என்று கணக்குப் போட்டார். எல்லாப் படங்களையும் ஒட்டுமொத்தமாகத் தூக்கிவிட்டார். நிறம் கூடாது என்று சிவப்பு, பச்சை எல்லாவற்றையும் அடித்துவிட்டு, 'வலப்பக்கம் கீழே, மூன்றாவதுக்கு முந்தையது' என்று திசை சொல்லி எழுதினார்.

பக்கங்கள் வெளியான அன்றே வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தொலைபேசிகள் கதறத் தொடங்கின. அங்கே உட்கார்ந்திருந்த பெண் ஒரு காதில் ஒரு ரிசீவரும் மறு காதில் இன்னொன்றுமாகக் கையேட்டாரைத் தேடி வந்தாள்.

"சார், மூன்றாவதுக்கு முந்தையதுன்னா ரெண்டாவதுதானே? அப்படியே ரெண்டாவதுன்னு எழுதினா என்ன?"

"அப்படியும் எழுதலாம்..."

"படமெல்லாம் எங்க சார் போச்சு? கண்ணு தெரிஞ்சவங்க எல்லாரும் எனக்குக் கண்ணு தெரியலையான்னு என்னையே கேக்குறாங்க!"

படங்களை வரைந்த வடிவமைப்பாளர் அன்றிலிருந்து கையேட்டாரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் இருந்த நெருப்பணைப்புக் கருவியைப் பார்த்தபடி போனார்.

அலுவலகத்தில் யோசிக்க முடியவில்லை என்று கையேட்டார் வேலையை வீட்டுக்குக் கொண்டுபோனார். வீட்டுக்கு மாமியார் வந்திருந்தார் என்பதை அவர் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மனைவி கூடத்தில் மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். கையேட்டார் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்க்ரீன் ரீடரைப் போட்டார். துவைத்த துணிகளை அலமாரியில் வைக்க வந்த மாமியார், சாத்திய கதவுக்கு வெளியே நின்றுவிட்டார்.

உள்ளே ஒரு பெண்ணின் குரல். இனிமையான குரல்.

"தொடர விரும்புகிறீர்களா?"

மாமியார் காதைக் கதவில் வைத்தார்.

"ஆம். இல்லை. பின்னர் நினைவூட்டு."

மாமியார் துணிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை," என்றது குரல்.

மாப்பிள்ளை பேசினார். "கொஞ்சம் இரும்மா. ஏன் இப்படி அவசரப்படுற? யோசிக்க விடு."

"மீண்டும் முயற்சிக்கவும்," என்றாள் அவள்.

மாமியார் நேராகக் கூடத்துக்குப் போய் மகள் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். "ஏண்டி, உன் வீட்டுக்காரர் நல்லவர்னுதானே நினைச்சோம்?"

"இப்ப என்னம்மா ஆச்சு?"

"உள்ள ஒருத்தி தொடரலாமான்னு கேக்குறா. இவர் யோசிக்கணுங்கறார்."

மனைவி சிவப்புப் பேனாவோடு எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். கையேட்டார் திருதிருவென்று விழித்தார். கணினியைக் காட்டினார். திரை அணைந்திருந்தது. அணைந்த திரைக்குள்ளிருந்து பெண் பேசுகிறாள் என்பதை மாமியாருக்குப் புரியவைப்பதற்குள் அவருக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

"சரி மாப்பிள்ளை, மெஷின்னே வச்சுக்குவோம். மெஷினுக்கு எதுக்கு இவ்வளவு இனிமையான குரல்?"

நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. வம்பே வேண்டாம் என்று கையேட்டார் அமைப்புகளுக்குள் போய் ஆண் குரலுக்கு மாற்றினார். இருந்ததிலேயே கரகரப்பான, கண்டிப்பான குரலாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்.

மறுநாள் மாலை, மாமியார் மறுபடியும் அந்தப் பக்கம் வந்தார். தற்செயலாகத்தான் வந்தேன் என்று பின்னால் சொன்னார்.

"எல்லாவற்றையும் நிரந்தரமாக நீக்கவா?" என்றது உள்ளே ஒரு தடித்த குரல். "இந்தச் செயலைத் திரும்பப் பெற முடியாது."

"ஐயோ, வேணாம் வேணாம்!" இது மாப்பிள்ளை. "தெரியாம கை பட்டுடுச்சு! விட்டுடு!"

"பத்து விநாடிகளில் தானாக நீக்கப்படும்."

மாமியார் இந்த முறை மகளிடம் போகவில்லை. அடுத்த தெருவில் இருந்த மகனுக்குப் போன் போட்டார். "உடனே கிளம்பி வாடா. மாப்பிள்ளையை யாரோ தீர்த்துக்கட்டப் பாக்குறான். நேத்து வந்தாளே, அவளோட ஆளா இருக்கும்."

மைத்துனன் கையில் அகப்பட்ட குடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். கதவைத் தோளால் இடித்தான். கதவு தாழிடாமல் சும்மா சாத்தித்தான் இருந்தது. இடித்த வேகத்தில் அறைக்குள் பறந்து வந்தவனுடைய கால் கணினியின் மின்கம்பியில் மாட்டியது. கணினி, மின்கம்பி, குடை, மைத்துனன் நான்கும் ஒன்றாகத் தரையைச் சேர்ந்தன.

"மச்சான், அவன் எங்க?" என்றான் தரையிலிருந்து.

கையேட்டார் கணினியைப் புரட்டி மீண்டும் போட்டுப் பார்த்தார். இரண்டு நாளாக எழுதியதில் ஓர் எழுத்து மிச்சமில்லை.

"போயிட்டான்," என்றார். "எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டான்."

அதைக் கேட்ட மாமியார் அலமாரியைத் திறந்து நகைகளை எண்ணத் தொடங்கினார்.

மறுநாள் கையேட்டார் அலுவலகத்துக்கு வந்த கோலத்தைப் பார்த்து மேலாளருக்கே இரக்கம் பிறந்துவிட்டது. "இது நமக்குத் தெரியாத வேலைங்க. தெரிஞ்சவங்களைக் கூப்பிட்டிருக்கேன். சோதனையாளர். பார்வையில்லாதவங்கதான். இதே தொழிலா நாலைஞ்சு கம்பெனிக்குச் செய்றாங்களாம். மரியாதையா நடந்துக்குங்க."

மரியாதை என்றதும் கையேட்டார் யோசனையில் விழுந்தார். என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது? 'பாருங்க' என்று சொல்லலாமா? 'பார்த்து நாளாச்சு' என்று சொல்லலாமா? எதற்கும் இருக்கட்டும் என்று 'பார்' என்ற சொல்லையே அன்று முழுக்கத் தொடுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டார்.

சோதனையாளர் முப்பது வயதுப் பெண். தோளில் பை, கையில் மடக்குக் கோல். லிஃப்ட்டை விட்டு வெளியே வந்ததும் கையேட்டார் பாய்ந்து போய் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தள்ள ஆரம்பித்தார்.

"சார், யாருங்க நீங்க? எதுக்கு என்னை இப்படித் தள்ளிக்கிட்டுப் போறீங்க? நான் என்ன தள்ளுவண்டியா?"

"மன்னிச்சுக்குங்க மேடம். வழி... வழி காட்டலாம்னு... அதாவது காட்டுறதுன்னா..."

"உங்க கையை நீட்டுங்க. நான் பிடிச்சுக்கறேன். நீங்க முன்னால நடங்க, அவ்வளவுதான்." அவர் சிரித்தார். "நேத்து ராத்திரி ஒரு படம் பாத்தேன் சார். அதுல வில்லன்கூட ஆளை இவ்வளவு இறுக்கிப் பிடிக்கல."

"படம்... பாத்தீங்களா?"

"ஆமா. நீங்க பாக்கலையா?"

கையேட்டாருக்குத் தலை சுற்றியது. காலையிலிருந்து பொத்திப் பொத்திக் காப்பாற்றிய சொல்லை அவர் பாட்டுக்கு அள்ளி விடுகிறாரே!

உட்கார்ந்ததும் சோதனையாளர் தன் மடிக்கணினியைத் திறந்தார். அதிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தேன்கூட்டைக் கலைத்துவிட்டால் வருமே, அப்படி ஒரு சத்தம்.

"மேடம், இது எந்த மொழி?"

"நீங்க எழுதினதுதான் சார். கொஞ்சம் வேகமா வச்சிருக்கேன்."

அன்று முதல் அலுவலகத்தில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் விழுந்தது. எக்ஸ்பிரஸ் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். நெற்றி சுருங்கிக்கொண்டே வந்தது.

"வலப்பக்கம் கீழேன்னு எழுதியிருக்கீங்க. யாருக்கு வலப்பக்கம்?"

"திரைக்கு மேடம்."

"என் திரை பைக்குள்ளயே இருந்தாலும் நான் வேலை செய்வேன் சார். அந்தப் பொத்தானுக்குப் பேர் இல்லையா?"

"இருக்கே. 'வெட்டு'."

"அதைச் சொல்றதுக்கு ஏன் இவ்வளவு வெக்கம்? சரி, தலைப்பெல்லாம் எங்க?"

"நல்லாப் பெரிசா, தடிமனா, நீலத்துல போட்டிருக்கேனே!"

"பெரிசுன்னு உங்க கண்ணு சொல்லுது. என் கணினிக்கு அதுவும் ஒரு சாதா வரிதான். இது தலைப்புன்னு அதுக்குத் தனியாச் சொல்லி வைக்கணும். வச்சா, ஒரு தலைப்பிலேர்ந்து அடுத்த தலைப்புக்கு ஒரே தாவு தாவி, எனக்கு வேண்டிய இடத்துல இறங்கிக்குவேன். இப்ப முதல் வரியிலேர்ந்து நடந்தே வர வேண்டியிருக்கு. கால் வலிக்குது சார்."

கையேட்டாருக்கு ஏதோ பொறி தட்டியது. இரவோடு இரவாக என்று சொல்ல முடியாது. மைத்துனன் புண்ணியத்தில் வீட்டுக் கணினி பழுதுபார்க்கும் கடையில் கிடந்தது. மாலை அலுவலகம் காலியாகும் வரை உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலைப்பு என்று கணினிக்குச் சொல்லி வைத்தார். தாவுவது நல்லது என்றால் எவ்வளவுக்கெவ்வளவு தாவுகிறாரோ அவ்வளவு நல்லதுதானே?

காலையில் எக்ஸ்பிரஸ் கொஞ்ச நேரம் கேட்டார். மடிக்கணினியை மெதுவாக மூடினார்.

"சார், தடுக்கி விழுற இடமெல்லாம் தலைப்பா இருக்கு. 'மற்றும்'னு ஒரு சொல். அதுவும் தலைப்பு."

"அது தெரியாம..."

"'நன்றி, வணக்கம்'. அதுவும் தலைப்பு. அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல."

கையேட்டார் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "மேடம், உண்மையைச் சொல்லிடறேன். எனக்குத் தலையும் புரியல, காலும் புரியல. விளக்கம் எழுதினா தூக்கம் வருதுங்கறாங்க. எடுத்தா எங்க போச்சுங்கறாங்க. தலைப்பு இல்லைன்னா நடக்கணும், இருந்தா தடுக்குது. உங்களுக்கு என்னதான் வேணும்?"

எக்ஸ்பிரஸ் கொஞ்சம் யோசித்தார். கிண்டல் இல்லாமல் சொன்னார். "நீங்க வீட்டிலேர்ந்து ஒருத்தருக்குப் போன்ல வழி சொல்றீங்கன்னு வைங்க. 'அதோ தெரியுது பாரு, அந்தப் பக்கம் திரும்பு'ன்னு சொல்வீங்களா?"

"மாட்டேன்."

"அங்க நிக்கிற மரத்தோட அழகைப் பத்திப் பேசுவீங்களா?"

"அவங்க திட்டுவாங்க."

"அவ்வளவுதான் சார். எனக்குப் போன்ல சொல்லுங்க."

அன்றே அவர்கள் அப்படியே செய்தார்கள். எக்ஸ்பிரஸ் ஓர் அறையில் உட்கார்ந்தார்; கையேட்டார் இன்னோர் அறையிலிருந்து தொலைபேசியில் வழி சொன்னார். சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டார். முதல் நாள் கெட்ட குழப்பம். "அதை எடுத்து இதுல வைங்க" என்பார். "எதை எடுத்து எதுல?" என்று மறுமுனை கேட்கும். கையேட்டார் பேந்தப் பேந்த விழிப்பார். அது தொலைபேசியில் போய்ச் சேராது. போகப் போக 'இங்கே' ஒழிந்தது. 'பதிவைச் சேமிக்கும் முறை' என்று போகிற இடத்தின் பேரையே சொல்லக் கற்றுக்கொண்டார். படங்கள் திரும்பி வந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வரி விளக்கத்தோடு. வடிவமைப்பாளர் நெருப்பணைப்புக் கருவியை விட்டுவிட்டு மறுபடி இவர் முகத்தைப் பார்த்தார். சுட்டியைப் பிடிக்காமலே வேலை முடிக்க, எந்த விசையை அழுத்த வேண்டும் என்று படிப்படியாக எழுதினார். மூன்றாவதுக்கு முந்தையது இரண்டாவது ஆனது.

கடைசிச் சோதனைக்கு மேலாளரும் வந்து நின்றார். நீண்ட பேச்சு ஒன்றின் நடுவே யாரோ இருமிய பதிவு. உதவிப் பக்கத்தை மட்டும் கேட்டு, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், அந்த இருமலை நீக்க வேண்டும்.

தேன்கூடு கலைந்தது. எக்ஸ்பிரஸின் விரல்கள் விசைகளின் மேல் ஓடின. நின்றன. மறுபடி ஓடின. கையேட்டார் மூச்சு விடவில்லை. அவருக்கே தொண்டை கரகரத்தது. இந்த நேரத்தில் இருமித் தொலைக்கக் கூடாதே என்று கர்ச்சீப்பைக் கடித்துக்கொண்டார்.

பதிவு ஓடியது. பேசுகிறவர் பேசிக்கொண்டே போனார். இருமல் இருந்த இடமே தெரியவில்லை.

"போயிடுச்சு சார்," என்றார் எக்ஸ்பிரஸ்.

கையேட்டார் கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, அடக்கி வைத்த இருமலை எல்லாம் ஆசை தீர இருமினார்.

புதிய பக்கங்கள் வெளியான பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. சேவைப் பிரிவின் தொலைபேசிகள் ஓய்ந்துவிட்டன. அந்தப் பெண் முதல் நாள் நிம்மதியாக இருந்தாள். இரண்டாம் நாள் சந்தேகப்பட்டாள். மூன்றாம் நாள் தன் கைப்பேசியிலிருந்து தன் மேசைக்கே அடித்துப் பார்த்தாள். மணி நன்றாகத்தான் அடித்தது. கூப்பிட ஆள்தான் இல்லை. கண் தெரிந்தவர்களுக்கும் எல்லாம் புரிந்து தொலைத்துவிட்டது.

"இது எப்படிங்க?" என்றார் மேலாளர்.

"அதுதான் எனக்கும் புரியல சார்," என்றார் கையேட்டார், உண்மையாகவே.

தலைமை அலுவலகம் குளிர்ந்து போனது. வெளி ஆள் பேச்சும் அடங்கிப் போனது. அதோடு நிற்காமல், ஒரு விழா எடுக்கச் சொல்லி உத்தரவும் வந்தது. கண் திறக்க வைத்த அந்த வாடிக்கையாளரை நேரில் அழைத்துக் கௌரவிக்க வேண்டும். அவர் ஒரு பெண்மணி, சிறுவர்களுக்குக் கதை சொல்லிப் பதிவு செய்கிறவர் என்று தெரிந்தது. சேவைப் பிரிவுப் பெண்தான் போனில் அழைத்தாள். மேலாளரும் கையேட்டாரும் பக்கத்தில் நின்று கேட்டார்கள்.

"உங்க புகாரை அடிப்படையா வச்சு எல்லாத்தையும் மாத்திட்டோம் மேடம். நீங்க அவசியம் வரணும். கூட்டிட்டு வர வண்டி அனுப்பட்டுங்களா?"

"எதுக்குங்க? நானே ஓட்டிட்டு வந்துடுவேன்."

மேலாளர் நெகிழ்ந்துவிட்டார். "தன்னம்பிக்கையைப் பாத்தீங்களா!"

"ஓட்டிட்டுன்னு சொன்னாங்களே சார்?" என்றார் கையேட்டார்.

"ஒரு பேச்சுக்குச் சொல்றதுதாங்க. எக்ஸ்பிரஸ் படம் பாத்தேன்னு சொல்லலையா?"

அதுவும் சரிதான் என்று பட்டது.

விழா நாளில் அலுவலகமே அமர்க்களப்பட்டது. படிக்கட்டில் கைப்பிடி புதிதாக முளைத்தது. அழைப்பிதழ் விரலால் தொட்டுப் படிக்கும் புடைப்பெழுத்தில் அச்சானது. வாசலில் ஒரு பெரிய பதாகை. வரவேற்கும் பொறுப்பு கையேட்டாருக்கு. இந்த முறை ஆளைத் தள்ளக் கூடாது, கையை நீட்ட வேண்டும் என்று முழங்கையை மடக்கித் தயாராக வைத்துக்கொண்டு காலையிலிருந்தே வாசலில் நின்றார்.

சர்ரென்று ஒரு ஸ்கூட்டர் வந்து அவர் காலடியில் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிய பெண்மணி அவரைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"இங்க நிறுத்தலாங்களா?"

"வேண்டாம்மா, வேண்டாம்மா. ஒரு முக்கியமான விருந்தாளி வர்றாங்க. வழியில வண்டி இருந்தா தடுக்கிடும். அந்தப் பக்கம் ஓரமா விட்டுடுங்க."

அவர் சமர்த்தாக ஓரமாக விட்டுவிட்டு வந்தார். பதாகையை அண்ணாந்து பார்த்தார். "வாழ்த்துகிறோம்ல கால் ஒண்ணு விட்டுப்போச்சு பாருங்க. 'வழ்த்துகிறோம்'னு இருக்கு."

"ஐயையோ!" கையேட்டார் பதறினார். பிறகு நிம்மதியானார். "பரவாயில்லம்மா. வர்றவங்களுக்குத் தெரியாது."

அந்தப் பெண்மணி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

நேரம் ஓடியது. விருந்தாளியைக் காணவில்லை. நீட்டிய முழங்கை மரத்துப்போனது. வேறு வழியில்லாமல் கையேட்டார் அரங்கத்துக்குள் வந்தார். மேடையில் மேலாளர் பேசிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் எக்ஸ்பிரஸ் உட்கார்ந்திருந்தார்.

"...இருளிலிருந்து எழுந்த அந்தக் குரல்தான் நமக்கெல்லாம் வெளிச்சம் காட்டியது!" மேலாளரின் குரல் தழுதழுத்தது. "அவர் வந்திருக்கிறாரா?"

மூன்றாம் வரிசையிலிருந்து ஸ்கூட்டர் பெண்மணி எழுந்தார். நாற்காலிகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து, தரையில் கிடந்த மைக் கம்பியைத் தாண்டி, விறுவிறுவென்று மேடை ஏறினார். அரங்கம் மூச்சடைத்துப் பார்த்தது. மேலாளர் மெய்சிலிர்த்துப்போய் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து, கேடயத்தைத் தொட்டுத் தடவிப் பார்க்க வைத்தார். பெண்மணி ஒன்றும் புரியாமல் தடவினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

கையேட்டாருக்கு அந்த ஸ்கூட்டர் நினைவுக்கு வந்தது. கையை மடக்கியபடியே மேடை ஓரத்துக்கு ஓடினார். "அம்மா, ஒரு நிமிஷம். அந்தப் புகார் நீங்க எழுதினதுதானா?"

"நான்தாங்க."

"அப்ப உங்களுக்கு... கண்ணு...?"

மைக் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார் அவர். பதில் அரங்கம் முழுக்கக் கேட்டது.

"கண்ணுக்கு என்னங்க குறை? உங்க உதவிப் பக்கத்தைப் படிச்சா, கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்குன்னுதானே எழுதியிருந்தேன்!"